இருபத்தோராவது ஷரத்து

வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு ஒரு குணமுண்டு. எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் அதைக் கடைசி ஷரத்திலிருந்துதான் வாசிப்பார்கள். முன்னால் உள்ளவை இரு தரப்பாரும் அறிந்த விஷயங்கள். விவகாரம் பெரும்பாலும் கடைசியில்தான் ஒளிந்திருக்கும். 1959-ஆம் வருஷம் சென்னையில் தோன்றிய சுதந்திராக் கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் இருபத்தொன்று. சொத்துரிமை, தொழிற் சுதந்திரம், குடியானவனின் நிலம், சர்க்கார் தலையீட்டுக்கு வரம்பு முதலியன முந்திய ஷரத்துக்கள். கடைசி ஷரத்தோ, இவற்றுக்குப் புறம்பான சகல விஷயங்களிலும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் முழு அபிப்பிராய சுதந்திரம் உண்டு என்கிறது. யுத்தமும் சமாதானமும் முந்திய இருபதில் இடம் பெறவில்லை. அக்கட்சியை ஸ்தாபித்த ராஜாஜி, தமது முதிர்ந்த பிராயத்தில் அணுகுண்டுக்கு விரோதமாக நடத்திய கிளர்ச்சியெல்லாம் இந்த ஒரு ஷரத்தின் நிழலிலேயே நடந்தது.

கொங்கு நாட்டாருக்கு அவரை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் அந்நகரசபையின் தலைமையை ஏற்று, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதரையும் மதுவிலக்கையும் பரப்பியவர். பிற்காலத்தில் அவருடைய கட்சிக்குச் செவிசாய்த்தோரும் இப்பிரதேசத்தில் இல்லாமலில்லை. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, சொந்தச் செலவில் கிணறு வெட்டி, கவலை இறைத்துப் பயிர் செய்த குடியானவன் தன் நிலம் என்னவாகுமோ என்று திகைத்தான். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று காத்துக் கிடந்த ஆலைக்காரர்களுக்கும் குறை இருந்தது. 1967-இல் தி.மு.க.வோடு உடன்பாடு கொண்டு போட்டியிட்ட இக்கட்சி கரூர் பார்லிமெண்டுத் தொகுதியையும் கைப்பற்றிற்று.

இவர்களெல்லோரும் நிலத்துக்காகவும் தொழிலுக்காகவும் வந்து சேர்ந்தவர்கள். நெவாடா பாலைவனத்தில் வெடிக்கும் குண்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால், தங்கள் தலைவரின் உள்ளத்தை உறுத்திய பெரிய விஷயம் தொண்டர்களின் உள்ளத்தைத் தொடவில்லையென்றால், அத்தலைவரின் நிலைமை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

1962 ஜூன் மாதம் டில்லியில் காந்தி சமாதான நிலையத்தின் ஆதரவில் அணு ஆயுத எதிர்ப்பு மகாநாடு கூடிற்று. அதன் பயனாக ராஜாஜியும், ஸ்ரீ ஆர். ஆர். திவாகரும், ஸ்ரீ பி. சிவராவும் அமெரிக்கா சென்றனர். செப்டம்பர் 28-ஆம் தேதி வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார்கள். அப்போது ராஜாஜிக்கு வயது எண்பத்து மூன்று. மேல்நாட்டுக்கு அவர் போனது அதுவே முதல் தடவை. ரஷ்யா நிறுத்தட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் அமெரிக்கா தானாகவே முதலில் சோதனைகளை நிறுத்தவேண்டும் என்பது அவருடைய வெகுநாளைய வாதம். கம்யூனிஸத்தை எதிர்ப்பதில் எவருக்கும் பின்வாங்காத ஒரு கட்சியின் தலைவர், அக்கட்சி நேசித்த வல்லரசின் வாசலுக்கே போய், உன் ஆயுதத்தை முதலில் கீழே வை என்கிறார்! கட்சிக்காரர் பலர் இதைப் பெரியவரின் சொந்த விரதமாகக் கருதியிருந்தால் நாம் ஆச்சரியப்பட மாட்டோம்.

ஒரு மாதம் ஆவதற்குள் உலகம் மாறிவிட்டது. கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் நம் எல்லையைத் தாண்டின. நடுநிலைக் கொள்கையை விட்டு மேல்நாட்டாரின் ராணுவ உதவியைத் தேடவேண்டும் என்று வாதித்தவர்களில் ராஜாஜியும் ஒருவர். அணுகுண்டை வெறுத்தவரே அணுகுண்டு வைத்திருப்போரின் துணையை நாடியது முரண்பாடு என்று எதிரிகள் சொன்னார்கள். முரண்பாடுதான். ஆயினும் அவர் யுத்தமே கூடாதென்று எக்காலத்திலும் சொன்னவரல்லர். 1940-இல், தேசீய சர்க்கார் அமைந்தால் யுத்தத்தில் பிரிட்டனுக்கு ஒத்துழைக்கலாம் என்று காங்கிரஸை இணங்கச் செய்து, அதன் பொருட்டு மகாத்மாவினின்றே விலகி நின்றவர் அவர். வாளுக்கு இடமுண்டு, அணுகுண்டுக்கு இடமில்லை என்பதே அவர் கிழித்த கோடு.

1964 அக்டோபர் 16-இல் சீனா அணுகுண்டை வெடித்தபோது அக்கோடு சோதனைக்குள்ளாயிற்று. நாமும் செய்யவேண்டும் என்று ஜனசங்கம் முழங்கிற்று. ராஜாஜி கூடாதென்றார். ஸ்ரீ மஸானி போன்ற கட்சித் தலைவர்களும் கூடாதென்றே சொன்னார்கள்; ஆனால் அவர்களுடைய நியாயம் செலவைப் பற்றியது, மேல்நாட்டுப் பாதுகாப்பைப் பற்றியது. பாவத்துக்கு அஞ்சியவரும் பட்ஜெட்டுக்கு அஞ்சியவர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். அந்த ஒற்றுமை எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்காவில் ரான் பால் என்ற டெக்ஸாஸ் பிரதிநிதியின் கதை நேயர்களுக்கு நினைவிருக்கலாம். பழமைப் பற்றுடைய குடியரசுக் கட்சியில் இருந்துகொண்டே 2002-இல் ஈராக் யுத்த அதிகாரத்தை எதிர்த்து வாக்களித்தவர். 2008-லும் 2012-லும் அக்கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக முயன்றவர். 2007 மே மாத விவாத மேடையில், அமெரிக்காவின் தலையீடே அதன் மேல் பகையை வளர்த்தது என்று அவர் சொன்னபோது, சொன்னதைத் திரும்பப் பெறும்படி ஜூலியானி கேட்டார். சபை ஜூலியானிக்கே கைதட்டிற்று. வரியைக் குறை, சர்க்காரைச் சுருக்கு என்றபோது இதே பாலுக்கு இதே கட்சியார் கைதட்டியதுண்டு. அவருக்காவது கண்டனம் கிடைத்தது. ராஜாஜிக்குக் கிடைத்தது மரியாதை. ராஜீய வாழ்வில் இவ்விரண்டில் மரியாதையே அபாயம் என்பது நமது அபிப்பிராயம். கண்டித்தவனோடு வாதாடலாம், கும்பிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவனை என்ன செய்வது?

ஆகவேதான் அந்த ஷரத்தின் மேல் நமக்குச் சந்தேகம். அங்கத்தினருக்குப் பேச உரிமை அளிக்கும் விதி, கேளாதிருக்கும் உரிமையையும் கட்சிக்கு அளித்துவிடுகிறது. அணுகுண்டு மறுப்பை இருபத்திரண்டாவது ஷரத்தாக்கும்படி கோரி, வாக்கெடுத்து, தோற்றிருந்தாலும் பாதகமில்லை. எவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும். கொள்கைகள் இருபத்தொன்றாகவே இருந்துவிட்டன.

1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி காலமானார். 1974 மே 18-இல் பொக்ரானில் இந்தியா தன் முதல் அணுச் சோதனையை நடத்திற்று. அதே வருஷம் சுதந்திராக் கட்சியும் பாரதீய லோக தளத்தில் கலந்தது. இருபத்தோராவது ஷரத்தும் அதனுடன் போயிற்று.