பக்கத்துத் துறையின் கதவைத் தட்டியவர்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளை முனைவர் பட்ட ஆய்வுக்கு மேற்பார்வையாளரைத் தேடுகிறாரா? பேராசிரியர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று மட்டும் பார்க்க வேண்டாம். யாரோடு சேர்ந்து எழுதினார் என்றும் பாருங்கள். ஓர் ஆய்வாளரின் தொடர்புகள் அந்தப் பெயர் வரிசையில் தெரிந்துவிடும்.

அந்தத் தொடர்புகளால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருந்தியல் துறையே சாட்சி. அங்கே பணியாற்றிய இளம் ஆசிரியர்கள் லூயிஸ் குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் சேர்ந்து 1941இல் ஒரு பாடநூலை வெளியிட்டனர். இன்றும் மருத்துவ மாணவர்களிடம் 'குட்மன் கில்மன்' என்றாலே அந்தப் புத்தகம்தான்.

அடுத்த ஆண்டு, உலகப் போருக்கு நடுவே, நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற நச்சுப்பொருளை ஆராயும் பணி அவர்களுக்கு வந்தது. அது வெள்ளணுக்களையும் நிணநீர்த் திசுக்களையும் அழிப்பதைக் கண்டார்கள். அப்படியானால், நிணநீர்ப் புற்றுநோயையும் அது அழிக்குமா?

விடை காண இருவர் போதவில்லை. உடற்கூற்றியல் துறையின் தாமஸ் டோகர்ட்டி, புற்றுக்கட்டியுள்ள எலிகளுக்கு அதைச் செலுத்திப் பார்த்தார், கட்டி சுருங்கியது. பிறகு அறுவைச் சிகிச்சை நிபுணர் குஸ்டாஃப் லிண்ட்ஸ்கோக் முன்வந்தார். கதிர்வீச்சுச் சிகிச்சை பலனளிக்காமல் போன தம் நோயாளிக்கு 1942 ஆகஸ்ட்டில் முதல் ஊசி போட்டார்.

உணவை விழுங்கவும் சிரமப்பட்ட அந்த மனிதரின் கட்டி சில நாள்களிலேயே சுருங்கியது. ஆனால் நோய் திரும்பியது. டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். எனினும், மருந்தால் புற்றுநோயைச் சுருக்க முடியும் என்று அவர் உடல் காட்டிவிட்டது. இன்றைய கீமோதெரபியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

இந்தச் செய்தி வெளியில் வர 1946 ஆயிற்று. காரணம் போர்க்கால ரகசியம். நோயாளியின் கோப்பில்கூட மருந்தின் உண்மைப் பெயர் எழுதப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் துறைக்குத் துறை கதவு திறந்திருந்தது. வெளியே இருந்த மருத்துவர்களுக்கோ அது நான்கு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. கூட்டாய்வு எங்கே நிற்கிறதோ, அங்கே நோயாளியின் காத்திருப்பு நீள்கிறது.

பாடநூல் வெளிவந்த அதே 1941இல் கில்மனுக்கு ஒரு மகன் பிறந்தான். நண்பரின் பெயரையும் சேர்த்து ஆல்ஃபிரட் குட்மன் கில்மன் என்று பெயரிட்டார். அந்த மகனும் மருந்தியல் ஆய்வாளரானார். 1994இல் மார்ட்டின் ராட்பெல்லுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசுப் பட்டியலில் தந்தையின் நண்பர் பெயரும் ஏறியது.