காபன் தாளில் வெளிவந்த சஞ்சிகை

ஒரு நூல் நம் கைக்கு வருமுன் பதிப்பாளரையும் அச்சகத்தையும் புத்தகசாலையையும் கடந்து வருகின்றது. இவை மூன்றும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்துவிட்டால், அவ்வரசாங்கத்துக்கு ஒவ்வாததை எழுதியவன் யாது செய்வான்? சோவியத் ருஷ்யாவில் இது பல்லாண்டுகள் உயிர்க் கேள்வியாக இருந்தது. 1922ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'கிளவ்லிட்' என்னும் தணிக்கைத் திணைக்களத்தின் இசைவின்றி, அங்கே சிறு துண்டுப் பிரசுரந்தானும் அச்சேறாது. ஆயினும், வீட்டில் தட்டச்சுப் பொறி வைத்திருத்தல் குற்றமன்று. அந்தச் சிறு வாயிலினூடாகவே ஓர் இலக்கியம் வெளியே வந்தது.

'சமிஸ்தாத்' என்பது அதன் பெயர். 'சம்' என்றால் தானே. 'இஸ்தாத்' என்பது பதிப்பகம் என்னும் ருஷ்யச் சொல்லின் குறுக்கம். அரசாங்கப் பதிப்பகம் 'கொஸ்இஸ்தாத்' எனப்பட்டமையால், அதனைக் கேலி செய்து எழுந்த சொல் இது. 1940களில் நிக்கொலாய் கிளஸ்கோவ் என்னும் கவிஞர் இதையொத்த ஒரு சொல்லைத் தம் தட்டச்சுப் பிரதிகளின் முகப்பில் பொறித்து வைத்தார். வேடிக்கையாகத் தொடங்கியது பின்னர் பலரைச் சிறைக்கு அனுப்பிற்று.

வேலை நடந்த விதம் மிக எளியது. மெல்லிய தாள்களை அடுக்கி, இடையிடையே காபன் தாளை வைத்துப் பொறியிற் செருகி, விசைகளை ஓங்கி அடிப்பார்கள். மேற்பிரதி தெளிவாக விழும். கீழே செல்லச் செல்ல மங்கும். அடிப்பிரதியைப் படிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும். பெற்றவர் அதனைத் தாமும் அவ்வாறே பிரதி செய்து வேறு சிலருக்குக் கொடுப்பார். ஓரிரவுக்கு மட்டும் இரவலாகக் கிடைத்த நூலை விடியுமுன் படித்து முடித்தவர் பலர். அயலவர் காதில் பொறியின் ஓசை விழக்கூடாது. ஒவ்வொரு பொறியின் எழுத்துக்கும் கைரேகை போலத் தனிக்குறி உண்டாதலின், பிரதி அகப்பட்டால் பொறியும் அகப்படலாம்.

இப்பணியின் பாரம் எழுத்தாளரிலும் பார்க்கத் தட்டச்சுச் செய்தோர் மீதே அதிகமாக விழுந்தது என்பேன். சொல்செனிற்சினுடைய 'குலாக் தீவுக்கூட்டம்' என்னும் நூலைத் தட்டச்சிட்டவர்களில் ஒருவர் லெனின்கிராட்டில் வாழ்ந்த எலிசவேத்தா வரொன்யான்ஸ்கயா என்னும் முதிய பெண்மணி. பிரதியை எரித்துவிடும்படி ஆசிரியர் சொல்லியும் அவருக்கு மனம் வரவில்லை. 1973 ஓகஸ்டில் இரகசியப் பொலிசார் ஐந்து நாள் விசாரித்தபின், அது இருக்குமிடத்தை அவர் சொல்லிவிட்டார். வீடு திரும்பிய சின்னாளில் தூக்கில் தொங்கியவாறு காணப்பட்டார். நூல் பகைவர் கையில் அகப்பட்டபின் மறைப்பதிற் பயனில்லை எனத் துணிந்த ஆசிரியர், அவ்வாண்டு டிசெம்பரிலேயே அதனைப் பாரிஸில் வெளியிடச் செய்தார்.

கதை, கவிதைகளினும் அரிய படைப்பு ஒன்று உண்டு. 1968 ஏப்பிரல் 30ஆம் தேதியிட்டு வெளிவந்த 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு' என்னும் சஞ்சிகையே அது. ஆசிரியர் பெயர் இல்லை, முகவரி இல்லை. முகப்பில், கருத்துச் சுதந்திரத்தைக் கூறும் மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் உறுப்புரை மட்டும் இருக்கும். யார் வீடு சோதனையிடப்பட்டது, யாருக்கு எத்தனை ஆண்டுச் சிறை, எம்முகாமில் யார் உண்ணாவிரதம் என்பனவே செய்திகள். வசைச்சொல் ஒன்றும் கிடையாது. முன்னைய இதழில் பிழை நேர்ந்திருந்தால் பின்னைய இதழில் திருத்தம் வரும்.

முகவரியில்லாத சஞ்சிகைக்குச் செய்தி அனுப்புவது எப்படி? உனக்கு இதழைத் தந்தவரிடம் சொல். அவர் தமக்குத் தந்தவரிடம் சொல்வார். சங்கிலி முழுவதையும் நீயே தேடிப் போகாதே, உளவாளி என்று எண்ணிவிடுவார்கள். வாசகருக்கு ஆசிரியர் கூறிய வழி இதுவே. இதழ் சென்ற பாதையிலேயே செய்தி திரும்பி வந்தது.

முதல் ஆசிரியர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா என்னும் கவிஞர். செக்கோஸ்லவாக்கியா மீதான படையெடுப்பைக் கண்டித்து, 1968 ஓகஸ்ட் 25இல் தம் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மொஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்குச் சென்ற சிலரில் அவரும் ஒருவர். 1969 டிசெம்பரில் கைதான அவரைப் பித்தர் எனத் தீர்த்து, மனநோய்ச் சிறைமருத்துவமனையில் 1972 வரை அடைத்து வைத்தார்கள்.

அதே ஆண்டில் இதழும் நின்றது. இனியோர் இதழ் வந்தால் ஆட்கள் கைதாவார்கள் என்று பொலிசார் மிரட்டியதே காரணம். தம் எழுத்துக்காகப் பிறர் சிறை செல்வதா என்பது எளிதில் விடை காணத்தக்க கேள்வியன்று. 1974 மே மாதம் மூன்று இதழ்கள் ஒருங்கே வெளிவந்தன. தத்தியானா வெலிக்கானொவா, செர்கேய் கவலியோவ், தத்தியானா ஹதரோவிச் ஆகிய மூவர், அவற்றைப் பரப்பும் பொறுப்பு எமதே எனப் பெயரிட்டு அறிவித்தனர். உயிரியல் அறிஞரான கவலியோவுக்கு ஏழாண்டுச் சிறையும் உள்நாட்டிலேயே தொலைவிடத்தில் மூன்றாண்டு வாழும் தண்டனையும் கிடைத்தன. வெலிக்கானொவா 1979இல் கைதானார்.

வானொலி நேயர்களாகிய நீங்கள் அறியத்தக்கது இன்னொன்று. எல்லை தாண்டிச் சென்ற பிரதிகளை வெளிநாட்டு வானொலிகள் ருஷ்ய மொழியில் வாசித்தன. அரசாங்கம் இரைச்சலை ஒலிபரப்பி அவற்றைக் குழப்பிற்று. அந்த இரைச்சலுக்கிடையே செவி சாய்த்துக் கேட்டு, கேட்டதை மீண்டும் தட்டச்சிட்டோரும் இருந்தனர். காபன் தாள் எட்டாத ஊரையும் சிற்றலை எட்டிற்று.

1982 யூன் தேதியிட்ட 64ஆம் இதழே கடைசியாகப் பரவியது. அம்மெல்லிய தாள்களிற் பல ஜெர்மனியின் பிறேமன் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்திலும், மொஸ்கோவில் 'மெமோரியல்' சங்கம் திரட்டிய சேமிப்பிலும் இடம்பெற்றன. அச்சங்கத்தைக் கலைக்கும்படி ருஷ்ய உயர் நீதிமன்றம் 2021 டிசெம்பரில் தீர்ப்பளித்தது.