அனுமதிப்பத்திரம் ஒன்று, இயந்திரம் வேறு

சென்ற மாதம் ஒரு மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், எங்கள் ஒழுங்கையின் கோடியில் வசிக்கும் அம்மையார் ஒருவர், கையில் ஒரு கடித உறையோடும் கண்களில் இரண்டு நாள் நித்திரைக் குறைவோடும், என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து விறாந்தை ஓரத்தில் அமர்ந்தார். அவருடைய கணவர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது; மூத்த மகன் ரொறன்ரோவில்; இளையவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன்.

"மாஸ்டர், அவன் ரெண்டு நாளாச் சோறு தின்னாமல் கிடக்கிறான். மோட்டச்சைக்கிள் வேணுமாம், அதுவும் பெரிசாம். தமையன் முற்காசு அனுப்புறன் எண்டிட்டான், மிச்சம் லீசிங். நீங்கள் ஒருக்காக் கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்கோ."

மறுநாள் பையன் வந்தான். நான் அடுக்கிய நியாயங்களையெல்லாம் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தான்: "சேர், அம்மாவின்ரை ஸ்கூட்டி 110 சி.சி. நான் கேக்கிறது 250. ரெண்டுக்கும் லைசன்ஸ் ஒண்டுதானே? சட்டமே விடுது, நீங்கள் ஏன் மறிக்கிறியள்?"

பையன் சொன்னது சட்டப்படி முற்றிலும் சரி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரை இரண்டே வகுப்பாகப் பிரிக்கின்றன: 100 சி.சி.க்கு மேற்படாத இயந்திரத்துக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேற்பட்ட சகலத்துக்கும் ஏ வகுப்பு. இன்று கடைகளில் விற்கும் ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவை நூறைத் தாண்டியவையாதலால், சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும் தாய்மாரும் ஏ வகுப்பு அனுமதிப்பத்திரமே வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தைக் கொண்டு, அவர்கள் மனம்வைத்தால், நாளைக் காலையே நானூறு சி.சி. வாகனமொன்றில் ஏறிக் கண்டி வீதியில் புறப்படலாம், எந்த உத்தியோகத்தரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டார்.

வேறு தேசங்களில் இந்த வழக்கம் இல்லை. நம்முடைய பாட்டன்மார் உத்தியோகம் தேடிக் கப்பலேறிய அந்தச் சிங்கப்பூரிலே 200 சி.சி. வரைக்கும் ஒரு வகுப்பு, 400 வரைக்கும் இன்னொன்று, அதற்கு மேல் மூன்றாவது என்று படிகள் வைத்து, ஒரு படியில் குறைந்தது ஒரு வருஷமாவது நின்று பழகிய பின்னரே அடுத்த பரீட்சைக்கு ஆளை அனுமதிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலே 2013 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி, வலுவுக்கு வரம்பில்லாத வாகனத்தை நேரடியாக எடுப்பதற்கு 24 வயது ஆகவேண்டும். அதற்கு முன்னர் வேண்டுமானால், 35 கிலோவாற், அதாவது ஏறக்குறைய 47 குதிரைவலு என்ற எல்லைக்குள் இரண்டு வருஷம் ஓடியிருக்கவேண்டும். நமது நாட்டிலோ நூறு சி.சி.யில் ஒரு படி. அதற்கு மேல் மொட்டைமாடி. இடையிலுள்ள படிகளை வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளவேண்டியிருக்கிறது.

படிகள் ஏன் வேண்டும் என்பதற்கு மோட்டார் சைக்கிள் விபத்துக்களைப் பற்றிய ஆராய்ச்சிகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்று விடை சொல்கிறது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துக்களை நிகழ்ந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள், தாமாகவோ உறவினர் சிநேகிதரிடமோ பழகியவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு, வேறு வாகனங்களில் எத்தனை வருஷ அனுபவமிருந்தபோதிலும், விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வாகனத்தோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. பெரிய இயந்திரங்கள் எண்ணிக்கையில் அதிகமாக விபத்துக்குள்ளாகவில்லை என்பதையும் அதே அறிக்கை நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் விபத்து நேர்ந்தபோது காயத்தின் கடுமை அவற்றிலே அதிகமாயிருந்தது. முதல் பகுதியைப் பையனிடம் மறைக்கலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். மறைக்கவில்லை. வாலிபரோடு விவாதிக்கும்போது பாதி உண்மை சொல்பவனுடைய மறுபாதியையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

எங்கள் வாலிபப் பிராயத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்பது மருந்துபோலத் துளிக்கணக்கில் புழங்கியது. ஒரு சின்னப் போத்தலில் ஒளித்துவைத்த பெற்றோலில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரும்புகை கக்கிக்கொண்டு போகிற வாகனத்தின் பெருமை அது புறப்பட்டதிலேயே முடிந்துவிடும். வேகம் என்பது அன்று எவருக்கும் தோன்றாத ஆசை. வீதிகளும் குண்டும் குழியுமாக இருந்து நம்மைக் காப்பாற்றின என்றே சொல்லவேண்டும். இன்று காங்கேசன்துறை வீதியும் பருத்தித்துறை வீதியும் கண்ணாடிபோலக் கிடக்கின்றன. ஆனால் அந்த வீதிகளில் வந்து விழுகிற ஒழுங்கைகள் மட்டும் அன்றிருந்த ஒழுங்கைகளே. மதிலும் வேலியும் கண்ணை மறைக்க, ஒழுங்கை வாயிலிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டியோ, பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியோ, ரியூசன் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளையோ வெளிப்படுவதற்கு ஒரு விநாடி போதும்.

அந்த ஒரு விநாடியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் ஆபத்தைக் கண்டு கையும் காலும் இயங்குவதற்குள்ளே ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடுகிறான், காய்ந்த தார் வீதியில் பிறேக் நன்றாகப் பிடித்தால் இன்னும் 14 மீற்றரில் நிற்கிறான், ஆக 28. வேகம் நூறானால், முதற்கூறு இரட்டிப்பாகி 28 ஆகிறது. இரண்டாவது கூறோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால் நான்கு மடங்காகி 56 ஆகிறது. ஆக 84 மீற்றர். மழை நாளிலும், வல்லை வெளியில் களப்புக் காற்று பக்கவாட்டில் அறைகிற நாளிலும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். சோளகம் வீசிய ஒரு பிற்பகலில் அந்த வெளியின் நடுவிலே, நாற்பதுக்கு மேற்படாத வேகத்திலேயே, வீதியின் மறுகரைக்கு நான் தள்ளப்பட்டிருக்கிறேன். எதிரே லொறி வராதது என் சாமர்த்தியமன்று.

சட்டமோ மோட்டார் சைக்கிளுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்று வேக எல்லை விதித்திருக்கிறது. தெற்கிலுள்ள அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. ஆகவே இந்த நாட்டில் நியாயமாக ஓடக்கூடிய அதிகபட்ச வேகத்தை அம்மையாருடைய ஸ்கூட்டியே எட்டிவிடும். இதைச் சொன்னபோது பையன் முதன்முறையாகச் சிரித்தான்.

வலுவான வாகனத்தில் நன்மையே இல்லை என்பது என் அபிப்பிராயமன்று. வவுனியாவுக்கு அடிக்கடி போய்வருகிற, பாரம் ஏற்றுகிற ஒருவருக்கு அது களைப்பைக் குறைக்கும். பிறேக்கும் பெரும்பாலும் தரமானதாக இருக்கும். இந்தியாவிலே 2019 ஏப்ரில் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கிற ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, நம் ஊரில் கைமாறுகிற பழைய வாகனங்கள் பலவற்றில் அது இல்லை. வாகனம் இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ருவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டமையால், இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் பழையவையே தங்க விலைக்குக் கைமாறின. அவற்றை வாங்குவோர் ஏ.பி.எஸ். உண்டா என்ற இந்த ஒன்றையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். வாங்குமுன் ஆசனத்தில் அமர்ந்து இரு குதிகாலும் நிலத்தில் படிகின்றனவா என்று பார்ப்பதும், ஒழுங்கைச் சரிவில் தனியே பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பதும் எந்தப் பரீட்சகரும் செய்யாத பரீட்சைகள். ஸ்கூட்டியின் பாரம் ஏறக்குறைய 105 கிலோ. இவன் கேட்டது 150க்கு மேல்.

இனி அந்தக் கடித உறைக்கு வருவோம். அதற்குள்ளே இருந்தது லீசிங் ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம். பத்துப் பக்கமும் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் பிணையாளர் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி. அம்மையார் கையெழுத்து வைக்கவேண்டிய இடம் அதுவென்று யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிணை வைப்பது கலியாண வீட்டில் சாட்சிக் கையெழுத்து வைப்பதைப் போன்ற உபசாரமென்றே நம்மவரில் அநேகர் எண்ணுகிறார்கள். பையன் தவணை கட்டத் தவறினால், முழுக் கடனுக்கும் அவரே பொறுப்பாளி. 1990இல் சட்டத்தால் தாபிக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தில், ஊரார் 'கிறிப்' என்கிறார்களே அதிலே, அவருடைய பெயரும் விழும். நாளைக்கு வீடு திருத்தக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அங்கே இந்த மோட்டார் சைக்கிள் எழுந்து நிற்கும். ஒப்பந்தத்தைத் தமிழில் தரும்படி கேட்பதற்கும், வட்டி, தாமதக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் என்ன கழிவு என்பவற்றை எழுத்தில் பெறுவதற்கும் அவருக்கு உரிமையுண்டு. நிதி ஸ்தாபனம் செவிசாய்க்காவிடில் முதலில் அதன் தலைமையகத்துக்கு எழுதி, பின்னர் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு, 1935 என்ற இலக்கத்தில், முறையிடலாம். கடைசித் தவணை கட்டும்வரை பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரித்தாளர் ஸ்தாபனமே. பையன் அதை ஓட்டுபவன் மாத்திரம்.

கைமாறிய வாகனமென்றால் ஆபத்து வேறு விதமானது. உரிமை மாற்றப் படிவத்தில் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விட்டு, 'ஓப்பின் பேப்பர்' என்று கைக்குக் கை கொடுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் விற்றவரும் வாங்கியவரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அறிவியாமல் விட்டால், நாளை அந்த வாகனம் ஒருவரை மோதிவிட்டு ஓடும்போது, பொலிசார் தேடி வரும் படலை விற்றவருடையது. புதிதாக வாங்கியதில் பழுதிருந்து கடைக்காரர் கையை விரித்தால், மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடவேண்டும். 1977 அதன் தொலைபேசி இலக்கம். பற்றுச்சீட்டை எறிந்துவிட்டவருக்கு இந்த உரிமை பெயரளவில்தான்.

காப்புறுதி விஷயத்தில் இருக்கும் மயக்கம் மிகப் பெரியது. சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி, பெயரே சொல்வதுபோல, ஓட்டியவனால் பாதிக்கப்படும் மற்றவருக்கானது. ஓட்டியவனுடைய உடைந்த காலுக்கும் உடைந்த வாகனத்துக்கும் அதில் ஒரு சதமும் கிடையாது. முழுக் காப்புறுதியிலும், ஓட்டியவரிடம் அந்த வகுப்புக்குரிய அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பதினேழு வயதுத் தம்பிக்கு ஒருநாள் சாவியைக் கொடுப்பவர் தானே குற்றவாளியாவதோடு இந்தப் பாதுகாப்பையும் இழக்கிறார். நிராகரிப்பு அநியாயமென்று தோன்றினால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். காயமுற்றவர் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தை நாடுவதானால் இரண்டு வருஷத்துக்குள் நாடவேண்டும், வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. மோதிவிட்டு ஓடிய வாகனத்தை அடையாளம் காண முடியாத வேளையில் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விபத்து நேர்ந்த கணத்திலோ நினைவிருக்கவேண்டியது 1990 என்ற ஒரே இலக்கம். 2018 ஜூலை முதல் அந்த இலவச நோயாளர் வண்டிச் சேவை வடக்கிலும் ஓடுகிறது. கழுத்து முறிந்தவனை முச்சக்கர வண்டியில் மடித்துப் போட்டுக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கு விரைகிற நல்ல மனசுக்காரர் இதைத் தயவுசெய்து கேட்கவேண்டும்.

தலைக்கவசத்தைப் பற்றி நீட்டவேண்டியதில்லை: அது மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைப்பதாகக் கொக்கிரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டிருக்கிறது. நாடிப்பட்டியைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துவைப்பது பொலிசாருக்குச் செய்யும் மரியாதை மாத்திரமே.

பையனுக்கும் எனக்கும் ரொறன்ரோத் தமையனுக்கும் தொலைபேசியில் நடந்த பேச்சுவார்த்தை மூன்று இரவு நீடித்தது. கடைசியில், லீசிங் இல்லாமல், தமையன் அனுப்பும் முற்காசுக்குள் அடங்கிய பழைய 125 ஒன்று. உரிமை மாற்றம் அதே கிழமை கச்சேரியில். பிணைக் கையெழுத்து எங்கும் இல்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி பேசுவது என்று முடிந்தது. அந்த ஒரு வருஷம் சிங்கப்பூரிடம் இரவல் வாங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், வெயில் ஏறுமுன், கோயில் வெளி மைதானத்தில் அவன் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முப்பதில் வந்து அந்த இடத்தில் பிறேக் பிடிக்கப் பழகுகிறான். நம் பையன்களில் பலர் முன் பிறேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயந்து காற்பிறேக்கையே மிதிப்பவர்கள். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சக்கரத்தில் இருப்பதை அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சென்ற கிழமை நான் போய்ப் பார்த்தேன். சிரட்டையிலிருந்து சக்கரம்வரை பாதத்தின் மேல் பாதம் வைத்து அளந்துகொண்டு வந்தவன், "போன கிழமை இருபத்திரண்டு, சேர். இண்டைக்குப் பதினேழு" என்றான்.