ஏர்பேக் விளக்கு: அணைப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு

காரின் சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கு எரியும். சில நொடிகளில் தானாக அணையும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது மறுபடி எரிந்தாலோ ஏர்பேக் அமைப்பில் கோளாறு என்று பொருள். வண்டி வழக்கம்போல ஓடுவதால் பலரும் மாதக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. கவலைப்படுகிறவர்களும் மெக்கானிக்கிடம் கேட்பது, “அந்த லைட்டை அணைச்சுக் கொடுங்க” என்பதுதான். ஸ்கேனரை மாட்டி, பதிவான கோளாறுக் குறியீட்டை, அதாவது ‘கோடை’ அழித்தால் விளக்கு அணைந்துவிடும். அதற்குக் காரணமான கோளாறு அப்படியே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் எரிந்தது என்பதே.

மோதல் நிகழ்ந்தால் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் பை விரிந்து முடிய வேண்டும். அந்தக் கணத்தில் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவகாசம் கிடையாது. அதனால்தான் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி, வண்டி ஓடும் நேரமெல்லாம் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பையையும் வெடிக்கச் செய்யும் தீமூட்டிக்கு, அதைத் தூண்டாத அளவு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி மின்தடையை அளக்கிறது. பொதுவாக அது 2 ஓம் அளவில் இருக்கும். கூடினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. மிகவும் குறைந்தால் ஷார்ட். மோதல் சென்சார்கள், சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவி ஆகியவையும் இதே கண்காணிப்பில் உள்ளன.

ஸ்கேனர் காட்டும் கோடு கோளாறு உள்ள சுற்றைச் சொல்லுமே தவிர, கெட்ட பாகத்தைச் சொல்லாது. ‘டிரைவர் ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம்’ என்று வந்தால் பை, கனெக்டர், வயர், கிளாக் ஸ்பிரிங் ஆகிய எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கிளாக் ஸ்பிரிங் என்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த தட்டை நாடா வயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுருண்டும் விரிந்தும் கொடுப்பதால் நாளடைவில் அறுகிறது. ஹாரனுக்கும் ஸ்டியரிங் பட்டன்களுக்கும் மின்சாரம் பெரும்பாலும் அதன் வழியாகவே போகிறது. ஆகவே விளக்கும் எரிந்து ஹாரனும் ஒலிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது விளக்கு வந்து வந்து போனால், சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு வழக்கமான மின்வேலைப் பழக்கங்கள் உதவா. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகும், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். பையின் முனைகளில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கக் கூடாது; அதன் மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கக்கூடும். பயிற்சி பெற்றவர்கள் பையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 2 ஓம் அளவுள்ள சோதனை ரெசிஸ்டரை மாட்டிப் பார்ப்பார்கள். கோளாறு மறைந்தால் பழுது பையில். நீடித்தால் வயரிங்கிலோ பெட்டியிலோ.

இவ்வளவு மெனக்கெட்டால் செலவு ஏறாதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் செலவை ஏற்றுவது சோதனை அல்ல, சோதிக்காமல் பாகம் மாற்றுவது. தளர்ந்த கனெக்டருக்காகப் பையையும் பெட்டியையும் மாற்றினால் பணம் போகும். விளக்கும் திரும்பி வரும். பை தானாக வெடித்துவிடுமோ என்று பயந்து பியூஸைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. ஒரு குழியில் வண்டி குலுங்கியதற்கெல்லாம் பெட்டி பையை விரிக்காது. சென்சார்களின் அளவுகளை ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்கும். பியூஸைப் பிடுங்கினாலோ, உண்மையான மோதலில் பையும் விரியாது, பெல்ட்டும் இறுகாது.

விளக்கு அணைந்திருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. விபத்தில் விரிந்துபோன பைக்குப் பதிலாகச் சுற்றில் ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துப் பெட்டியை ஏமாற்றும் மோசடி உலகெங்கும் நடந்திருக்கிறது. மோசடி இல்லாத இடத்திலும் விளக்கு ஏமாற்றலாம். தகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் அம்மோனியம் நைட்ரேட் எரிபொருள் சீர்கெட்டது. பை விரிந்தபோது உலோகக் கூடு சிதறி உயிர்கள் போயின. அங்கே மின்சுற்றில் குறையே இல்லை. விளக்கு எச்சரிக்க வழியும் இல்லை. திரும்ப அழைக்கும் அறிவிப்பு நம் வண்டிக்கும் உண்டா என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

இந்தியாவில் புதிய கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. முன்பக்கப் பயணிக்கானது 2021-க்குள் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கார்கள் இப்போது பழசாகிக் கைமாறுகின்றன. பழைய காரை வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பி, விளக்கு முதலில் எரிகிறதா, பிறகு அணைகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. பழுது பார்க்கக் கொடுத்தவர்கள் வந்த கோடு எது, கண்டறிந்த காரணம் என்ன, செய்த வேலை என்ன என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். காரணம் எழுதப்படாத பில்லுக்குப் பணம் கொடுக்கும்வரை, கோடை அழிப்பதே பழுது பார்ப்பதாக நீடிக்கும்.