புரோபியானிக் அமிலமும் ஈரத் தானியமும்

பாலைத் தயிராக்கும் கிருமியின் தொழிலை யாவரும் அறிவர். அக்கிருமி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும் மற்றொரு கிருமி உண்டு. அது உண்டாக்கும் புரோபியானிக் அமிலம் தானியத்தைப் பூஞ்சணத்தினின்று காக்க வல்லது. ஆகவே, இதன் தன்மையைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

கிருமிகளின் தொழில்

இவ்வமிலத்தை 1844-ஆம் ஆண்டில் கோட்லீப் என்னும் ரசாயன சாஸ்திரி முதன்முதல் விவரித்தார். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எம்மெண்டால் பாலாடைக்கட்டியினின்று இக்கிருமிகளைப் பிரித்தெடுத்த செய்தியை ஃப்ராய்டன்ரைக், ஓர்லா-யென்ஸன் என்னும் இருவர் 1906-இல் வெளியிட்டனர்.

அக்கட்டியில், பாலின் சர்க்கரை முதலில் லாக்டிக் அமிலமாகிறது. பின்னர், சில வாரங்கள் 20 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைக்கப்படும்போது, காற்றில்லாத உட்பகுதியில் புரோபியானிக் கிருமிகள் பெருகுகின்றன. அவை மூன்று மூலக்கூறு லாக்டிக் அமிலத்தை இரண்டு மூலக்கூறு புரோபியானிக் அமிலமாகவும், ஒரு மூலக்கூறு அசிட்டிக் அமிலமாகவும், ஒரு மூலக்கூறு கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அவ்வாயு வெளியேற வழியின்றித் தங்குவதாலேயே கட்டியில் பெரிய துவாரங்கள் உண்டாகின்றன.

மாட்டின் முதல் இரைப்பையிலும் வேறு கிருமிகள் இவ்வமிலத்தை ஓயாது உண்டாக்குகின்றன. பசுவின் ஈரல் இதைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. பாலின் சர்க்கரைக்கு அதுவே மூலப்பொருள்.

தொழிற்சாலை உபயோகங்கள்

கிருமிகளைக் கொண்டு இதனைப் பெருமளவில் செய்வது எளிதன்று. அவை மெதுவாக வளர்வன. அமிலம் மிகுந்தால் அதுவே அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. எனவே, தொழிற்சாலைகள் பெரும்பாலும் பெட்ரோலியத்தினின்று கிடைக்கும் எதிலீனைக் கொண்டே இதைத் தயாரிக்கின்றன. இதன் கால்சியம் உப்பு ரொட்டியில் பூஞ்சணம் பிடிப்பதைத் தடுக்கிறது. நெல் வயலுக்குரிய புரோபனில் என்னும் களைக்கொல்லியும், ஒருவகைப் பிளாஸ்டிக்கும், வாசனைப் பொருள்களும் செய்ய இவ்வமிலம் உதவுகிறது.

குடியானவர் கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் அறுவடையாகும் மக்காச்சோளம் ஈரத்துடன் குவிக்கப்படின் சூடேறிப் பூஞ்சணம் பற்றும். தீவனத் தானியத்திற்கு இவ்வமிலத்தை இடுவோர் பின்வருவனவற்றை மறவாதிருத்தல் வேண்டும்:

1. அமிலமிட்ட தானியத்தை விதைக்கு ஒதுக்கலாகாது. முளைப்புத் திறன் கெடும். தீவனத்திற்கென இட்டதை உணவுத் தானியத்துடன் கலத்தலும் ஆகாது.

2. அமிலம் பூஞ்சணத்தைத் தடுக்குமேயன்றி, முன்னரே உண்டான அஃப்ளடாக்ஸின் விஷத்தை நீக்காது. பூஞ்சணம் பிடித்த தானியத்திற்கு அமிலமிட்டு மாட்டிற்கு வைப்பது விஷத்தை மறைத்து ஊட்டுவதேயாகும்.

3. ஈரத்திற்குத் தக்க அளவைக் குறைக்கலாகாது. எல்லாத் தானியத்திலும் சமமாகப் படியச் செய்தல் வேண்டும்.

4. இது தோலையும் கண்ணையும் புண்படுத்தும், இரும்பையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

வெயில் உள்ள நாளில் களத்தில் நன்கு உலர்த்துவதே செலவற்ற காப்பு. அதற்கு வழியில்லாதபோது மட்டுமே அமிலத்தை நாடுதல் தகும். கிராம அதிகாரிகள் இவற்றை, முக்கியமாக விதையையும் பூஞ்சணத் தானியத்தையும் பற்றிய எச்சரிக்கைகளை, அறுவடைக்கு முன்னரே யாவருக்கும் அறிவித்தல் நன்று.