பழைய புல்லட் இன்ஜினைப் பிரிக்கப் போறீங்களா? சுத்தியலைத் தள்ளி வையுங்க!

வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் தாத்தா காலத்து புல்லட்டை மறுபடியும் ரோட்டில் இறக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. வீடியோ பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைக் கையில் எடுத்தால், சாயங்காலத்துக்குள் இன்ஜின் பிரிந்துவிடும். ஆனால் நாற்பது, ஐம்பது வருஷம் தாங்கிய பாகம் அந்த ஒரே நாளில் உடைந்தும் போகலாம். காரணம், ‘அடிச்சா வந்துடும்’ என்ற நினைப்பு.

ஸ்பேனரில் தொடங்கும் சிக்கல்

1950-களில் சென்னை திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கிய 350 புல்லட், பிரிட்டிஷ் வடிவமைப்பு. பழைய 346 சிசி இன்ஜினின் நட்டு, போல்ட் பலவும் இஞ்ச் கணக்கில் வரும் விட்வொர்த் வகை. மில்லிமீட்டர் ஸ்பேனர் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும். இறுக்கித் திருப்பினால் முனை மழுங்கிவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட் தண்டின் அளவு, தலையின் அளவு அல்ல. வாங்கும்போது கவனம்.

ஹெட், சிலிண்டர்: அவசரம் வேண்டாம்

ஆயிலை வடித்துவிட்டு, துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஆயில் விடுங்கள். ஹெட் அலுமினியம். ஒரு நட்டை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஹெட் வளையக்கூடும். குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

சிலிண்டர் வார்ப்பு இரும்பு. அதன் ஃபின்களுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் பொட்டென்று ஒடியும். ரப்பர் சுத்தியலால் சுற்றி லேசாகத் தட்டினால் போதும். சிலிண்டர் கொஞ்சம் எழும்பியதுமே கீழே வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். பிஸ்டன் லாக் துள்ளி உள்ளே விழுந்தால் இன்ஜின் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.

தலைகீழ் மரை

டைமிங் கவருக்குள், கிராங்க் முனையில் ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டு இருக்கும். இதற்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும், மரை சிதையும். கியர்களைக் கழற்றும் முன் டைமிங் குறிகளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பாகங்களில் ராஜா கிராங்க்கேஸ்

கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் பிரிய மறுத்தால், எங்கோ ஒரு நட்டு மிச்சமிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பேரிங் பிடித்திருக்கிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பெட்ரோல், ஆயிலைத் துடைத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் பேரிங் பகுதியைச் சூடாக்கினால் பிடி தளரும். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் விழும் கீறல் வழியாக ஆயில் கசிந்துகொண்டே இருக்கும்.

கேஸ் உடைந்தால் புதுசு வாங்கலாமே? இன்ஜின் நம்பர் பொறித்திருப்பது அதில்தான். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் அதுதான். மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போக வேண்டியிருக்கும்.

எங்கே நிறுத்தணும்?

கிராங்க்கைப் பிரித்து கனெக்டிங் ராடு மாற்றுவது வீட்டு வேலை இல்லை. பிரஸ் மெஷினும் அனுபவமும் உள்ள லேத் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிக் கவரில் பெயர் எழுதிப் போடுங்கள். தேய்ந்ததையும் தூக்கி எறியாதீர்கள். புது பாகம் அளவு சரியா என்று ஒப்பிட, பழையதுதான் கையில் இருக்கும் ஒரே மாதிரி.