பவர் ஏறிட்டே போகுதா?
வருஷா வருஷம் கண்ணாடியில் சிலிண்டர் பவர் ஏறுதா? கார்னியல் டோப்போகிராபி எடுத்துப் பாருங்க. கெரடோகோனஸாக இருக்கலாம். அதாவது கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும். நம்ம வயசில்தான் வேகமாக வளரும். முற்றினால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகலாம்.

அதைத் தள்ளிப்போடுவது கொலாஜன் கிராஸ்-லிங்கிங். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை. நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2003-இல் வெளியாகின. கருவிழியின் மேல் படலத்தை நீக்கி, ரிபோஃபிளேவின் சொட்டுகளை ஊறவிட்டு (நம்ம வைட்டமின் பி2 தாங்க), அரை மணி நேரம் புற ஊதாக் கதிர் பாய்ச்சுவார்கள். கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகள் உருவாகி கருவிழி விறைக்கும். ரப்பரை வல்கனைஸ் பண்ணுற மாதிரி.

ஆனா போன பார்வை இதால் திரும்பாது. நோயை இருக்கிற இடத்தில் நிறுத்தத்தான் இது. வழக்கமான முறைக்குக் கருவிழி 400 மைக்ரானாவது தடிமன் இருக்கணும். 'செமஸ்டர் முடியட்டும்'னு தள்ளினால் அதுவும் மெலிஞ்சிட்டே போகும். அதுவரை கண்ணைக் கசக்காதீங்க, ப்ளீஸ்.